பாத்திரம் என் பொறுப்பு

1

எடை குறையக் குறைய விலை ஏறுகிற பாத்திரக் கடையை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இந்த ஜனவரியில் பார்த்தேன். நியூசிலாந்தின் தென்தீவில் நாங்கள் குடியிருக்கும் நெல்சன் ஊரில், கடைத்தெருவின் நடுவிலேயே இருக்கிறது அந்தக் கடை. கூடாரம், நடைபூட்ஸ், முதுகுப்பை, அடுப்பு, பாத்திரம் என்று காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கப் போகிறவர்களுக்கு வேண்டிய அத்தனையும் விற்கிறார்கள். பல வருடமாக அதன் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உள்ளே காலடி வைத்ததில்லை. ஏற்காட்டில் பிறந்தவனுக்கு மலை ஏற எதற்குச் சாமான் என்ற திமிர்தான்.

அதிலும் பாத்திரம் பற்றி எனக்கு இவர்கள் சொல்லித் தருவதா? ஏற்காடு பஜாரில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் பாய். சேலத்திலிருந்து பஸ் கூரையில் கட்டி வரும் அலுமினியச் சாமான்கள், அடிவாரத்தில் ஆரம்பித்து கடைசிக் கொண்டை ஊசி வளைவு வரை கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே மேலே வரும். பாய் கடைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை.

அத்தா எல்லாவற்றையும் நிறுத்துத்தான் விற்பார். மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் வந்து நின்று, "அடி கனமாப் பாத்துக் குடுங்க பாய், போன தடவ குடுத்தது நொம்ப லேசு" என்பார்கள். அத்தா பாத்திரத்தை அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். "புடிச்சுப் பாருங்க. கை எறங்குதுங்களா?" கை இறங்கினால் வியாபாரம் முடிந்தது.

நெல்சன் கடையிலும் ஒரு பெண்மணி அப்படியே என் உள்ளங்கையில் ஒரு சட்டியை வைத்தார். நரைத்த தலை, வெயிலில் காய்ந்த முகம். வைத்துவிட்டு, "பாருங்கள், கையில் இருப்பதே தெரியவில்லை, இல்லையா?" என்று பெருமையாகச் சிரித்தார். அத்தா மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்த அம்மாவைக் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

2

அந்தக் கடைக்குள் என்னை நுழைய வைத்தது என் மகள் ரஹீமா.

எங்களுக்கு ஒரே பெண். கைக்குழந்தையாக இங்கே வந்தவள். இங்கத்திய பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கூட நாளிலிருந்தே மலை ஏறுகிறாள். வெள்ளிக்கிழமை மாலை பையை மாட்டிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வரை சேற்றோடு வருவாள். "எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுங்க அத்தா" என்பாள். அத்தோடு அறைக்கதவு சாத்திக்கொள்ளும். அவளுக்குத் தமிழ் எங்கள் இருவரிடமிருந்து வந்ததுதான், அதனால் சுத்தமான ஏற்காடு பஜார் தமிழ். வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ தவறாமல் விழும். மரியாதை குறையவில்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

பிப்ரவரியில் அவள் பல்கலைக்கழகத்துக்கு டுனீடின் போகிறாள். தீவின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவள். இதை நினைத்து நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தா, நீங்க என்கூட மலைக்கு வரீங்களா? மூணு நாளு."

நான் பதில் சொல்வதற்குள் விளக்கமும் வந்துவிட்டது. கூட வரவேண்டிய தோழிக்குத் திடீரென்று வேலை கிடைத்துவிட்டதாம். மலைக்குடிலில் படுக்க இடம் பதிவு செய்தாகிவிட்டதாம். அதாவது, நான் மாற்று ஆட்டக்காரன். இருந்தால் என்ன? பந்தியில் இடம் காலியாக இருக்கிறது, வந்து உட்காரு என்று கூப்பிடுகிறார்கள். யாருக்குப் போட்ட இலை என்று விசாரித்துக்கொண்டா இருப்பேன்? சரி என்றேன்.

பதிவில் பெயர் மாற்றுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு என் அத்தாவின் பெயர் கடைசிப் பெயர், அவளுக்கு என் பெயர் கடைசிப் பெயர், என் மனைவி மெஹருக்கு அவள் அத்தாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதற்கு ஒரு கதாகாலட்சேபம் நடத்தவேண்டும். ரஹீமா போனில் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, கடைசியில் அலுத்துப்போய், "அவர் என் அப்பா, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அது பதக்கம் குத்தியது போல் இருந்தது.

சட்டதிட்டங்கள் அப்புறம்தான் வந்தன. எல்லாச் சாமானும் சமையலறைத் தராசில் ஏறி இறங்கவேண்டும். இரண்டாவது சட்டை கிடையாது. துண்டில் பாதி போதும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக அறுத்துவிடவேண்டும். அவளுடையதை அறுத்து என்னிடம் காட்டினாள், இரண்டு விரல் நீளம்தான் இருந்தது. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்களே, அந்தப் பழமொழியை இந்தப் பிள்ளைகள் ‘அல்ட்ராலைட்’ என்று பெயர் வைத்து மதமாகவே ஆக்கிவிட்டார்கள். "சரி கண்ணு, அறுத்துடறேன்" என்றேன்.

"சாப்பாடு, மேப்பு, எல்லாம் நான் பாத்துக்கறேனுங்க. பாத்திரம் மட்டும் உங்க பொறுப்பு. நீங்கதான் பாத்திரக்கடைக்காரராச்சே" என்றாள்.

இந்த ஒரு பொறுப்பை ஒழுங்காகச் செய்தால் அடுத்த முறை தோழி இருந்தாலும் என்னைக் கூப்பிடுவாள். சொதப்பினால், நல்லா இருந்துச்சுங்க அத்தா, அத்தோடு டுனீடின். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மெஹருக்கும் தெரிந்திருந்தது.

"ஏனுங்க, பொண்ணா பாத்துக் கூப்புட்டுருக்கா. போனமா வந்தமான்னு இருங்க. அங்கயும் போயி கடை விரிக்காதீங்க" என்றாள்.

3

முதலில் எனக்குத் தோன்றியது எங்கள் வீட்டுத் தூக்குப்போசிதான். போசி என்றால் எங்கள் பக்கத்தில் பாத்திரம். மூடியும் தூக்குப் பிடியும் இருந்தால் தூக்குப்போசி. ஊரிலிருந்து கிளம்பியபோது கடையிலிருந்து நானே எடுத்து வந்தது. இப்போது புளி வைத்திருக்கிறோம்.

அந்தப் போசி இந்த நாட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்லியாகவேண்டும். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அடியில் அப்பியிருந்ததைக் காட்டி, "இது மண்ணா?" என்று கேட்டார். மண்தான். மண்ணும் சாம்பலும். இந்த நாட்டுக்காரர்களுக்கு வெளிநாட்டு மண் என்றால் பாம்பைக் கண்டது போல; அதில் என்ன விதை, என்ன பூச்சி இருக்குமோ என்ற பயம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்: "பாத்திரத்துக்கு மேக்கப், சார். நெருப்புக்கு முன்னால் போடுவது." அவர் போசியை உள்ளே கொண்டுபோய்ப் பளபளவென்று கழுவி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். ஒரு நாட்டின் அரசாங்கமே என் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து இந்த நாட்டின்மீது எனக்கு ஒரு தனி மரியாதை.

அந்த மேக்கப் எங்கள் கடையின் சட்டம். கல்யாணத்துக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் பெரிய பாத்திரங்களை வாடகைக்கு விடுவோம். விறகடுப்பில் ஏற்றும் முன் அடியிலும் பக்கத்திலும் சாம்பலையும் மண்ணையும் குழைத்துப் பூசவேண்டும். பூசினால் கரி பூச்சின்மேல் படியும்; தண்ணீர் ஊற்றினால் பூச்சோடு கழன்று வந்துவிடும். பூசாமல் ஏற்றியவருக்கு அடுத்த முறை பாத்திரம் இல்லை. அத்தா திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்ப்பார்.

கிளியூரிலிருந்து பழனியப்பன் என்றொருவர் மகள் கல்யாணத்துக்கு அண்டா எடுத்துப் போனார். கல்யாணக் களேபரத்தில் பூச மறந்துபோனார்கள். பாய்க்குப் பயந்து, மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, வெள்ளி மாதிரி கொண்டுவந்து வைத்தார். அத்தா கவிழ்த்துப் பார்த்தார், தராசில் வைத்தார்.

"ஏனுங்க பழனியப்பன், போனப்ப இருந்த எடை வந்தப்ப இல்லீங்களே. அடியத் தேச்சே தின்னுட்டீங்களா?"

"கரி போவணுமின்னு தேச்சனுங்க பாய். அதுகூடக் கொஞ்சம் பாத்திரமும் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

அத்தாவுக்கே சிரிப்பு வந்து, வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட கடையின் போசியை ரஹீமா தராசில் வைத்து, எடையைப் பார்த்து, திரும்பப் புளியை நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டாள்.

4

ஆகவே நெல்சன் கடை. ஒன்று ஒப்புக்கொள்கிறேன், அந்த நரைத்தலை அம்மா தொழில் தெரிந்தவர். முதலில் அவர் கையில் வைத்தது டைட்டானியம். தகடு வெற்றிலை கனம்தான் இருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தேன். "இதில் சத்தே இல்லையே" என்று வாய் தவறி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர், "சத்து நீங்கள் உள்ளே போடுவதில்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு பொறுமையாகக் கேட்டார்: வெறும் வெந்நீர் வைத்து உலர்ந்த உணவில் ஊற்றப் போகிறீர்களா, உண்மையிலேயே சமைக்கப் போகிறீர்களா? சோறு வடிக்கப் போகிறேன் என்றேன். அப்படியானால் டைட்டானியம் வேண்டாம் என்று அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சூடு ஒரே இடத்தில் நிற்கும், நடுவில் தீயும், ஓரத்தில் அரிசி அரிசியாகவே இருக்கும். எவர்சில்வர் உறுதி, ஆனால் கனம். மகள் தராசில் தோற்கும். கடைசியில் அலுமினியத்துக்கே வந்து சேர்ந்தோம். உலகத்தின் மறுகோடிக்கு வந்தும் அத்தாவின் சரக்குதான் ஜெயித்தது என்று எனக்குள் ஒரு குஷி.

ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. சட்டியின் அடியில் வட்டமாக, விசிறி மடிப்பு போல நெருக்கமாகத் தகடுகள். அடுப்பின் சூடு பக்கவாட்டில் ஓடிப்போகாமல் அந்த மடிப்புகளுக்குள் மாட்டிக்கொள்ளுமாம். கேஸ் பாதியாகக் குறையுமாம். கேஸ் குறைந்தால் சுமக்கிற குப்பி ஒன்றே போதும். இரண்டு பேருக்கு அளவான சோறு, மூடியில் வடிக்க ஓட்டை, மடக்குப் பிடி. குட்டி அடுப்பும் கேஸ் குப்பியும் சட்டிக்குள்ளேயே அடங்கிவிடும், நம் அடுக்குப் பாத்திரம் போல. வாங்கிவிட்டேன்.

ரஹீமா தராசில் வைத்தாள். புருவம் உயர்ந்தது. "பரவாயில்லீங்களே அத்தா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

5

முதல் நாள் நடை அருமையாகப் போனது. ஜனவரி இங்கே கோடை. ஆற்றோரமாக ஏறும் பாதை, மரத்துக்கு மரம் பாசி. என் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவளாகவே அடிக்கடி நின்றாள். படம் எடுப்பது போல் பாவனை செய்தாள். எனக்குப் புரிந்தது, நானும் பாவனை செய்தேன். வீட்டில் ஒரு வருடத்தில் பேசாததை ஒரு காலைப்பொழுதில் பேசினாள். டுனீடினில் குளிருமா என்று பயமாக இருக்கிறது என்றாள். நான் சொல்லவேண்டியதைச் சொல்லாமல், "ஸ்வெட்டர் எடுத்துக்க சாமி" என்றேன். அத்தாமார்களுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

மாலையில் குடிலுக்கு வந்து சேர்ந்தோம். மரவீடு, நீளப் பலகைப் படுக்கை, சமையலுக்கு ஒரு மேடை, குளிர்காய நடுவில் மூடிய இரும்பு விறகடுப்பு. எங்களுக்கு முன்பே ஒரு வயதான கணவன் மனைவி வந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரஹீமா ஓடையில் கால் கழுவிவிட்டு வருவதாகப் போனாள். "அடுப்ப ரெடி பண்ணுங்க அத்தா, வந்து சோறு வெச்சிரலாம்."

புதுச் சட்டியை எடுத்தேன். விறகடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சாம்பல் இருந்தது. நல்ல நைசான, வெண்சாம்பல்.

அப்புறம் நடந்தது என் மூளைக்குத் தெரியாது. கை பாட்டுக்குச் செய்தது. மலை, குளிர், விறகுப் புகை, புதுப் பாத்திரம், பக்கத்தில் சாம்பல். கை ஏற்காட்டுக்குப் போய்விட்டது. சாம்பலைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தேன். சட்டியைக் கவிழ்த்து அடி முழுக்கப் பூசினேன். அந்த விசிறி மடிப்புகள் ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நுனியால் அழுத்தி, ஒரு சந்து விடாமல் அடைத்தேன். அத்தா கவிழ்த்துப் பார்த்திருந்தால் சபாஷ் போட்டிருப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பூசிய அடி கீழே போகும்படி சட்டியை நிமிர்த்தி வைத்த நேரத்தில் ரஹீமா வந்தாள். தண்ணீர் ஊற்றி, கேஸைப் பற்றவைத்து, சட்டியை ஏற்றினாள். காத்திருந்தோம். இன்னும் காத்திருந்தோம்.

"தண்ணி ஏனுங்க அத்தா இன்னும் கொதிக்க மாட்டேங்குது?"

"மலையில அப்படித்தான் கண்ணு" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

சிறிது நேரத்தில் காய்ந்த சாம்பல் வில்லை வில்லையாகப் பெயர்ந்து அடுப்பின்மேல் விழ ஆரம்பித்தது. நீலச் சுவாலை மஞ்சளாகிப் பொரிந்தது. ரஹீமா சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"என்னங்க அத்தா இது?"

"சாம்பல் கண்ணு. கரி புடிக்கக் கூடாதுன்னு..."

"கேஸ் அடுப்புல ஏதுங்க கரி?"

வீட்டில் இத்தனை வருடமாகக் கேஸ் அடுப்பில் சமைக்கிறவன் நான். அவள் கேஸ் குப்பியைக் காதருகே வைத்து ஆட்டினாள். பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. இன்னும் ஓர் இரவு, ஒன்றரை நாள் பாக்கி. எதுவும் சொல்லாமல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம், அறைக்கதவு சாத்திக்கொள்கிற மௌனம். மலை உச்சியில் கதவில்லாத இடத்திலும் அதைச் சாத்த வைத்துவிட்டேனே. சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, பாவம் என்பது போல் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சட்டியோடு வெளியே தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்குப் போனேன்.

மேலே இருந்தது கழுவியதும் போய்விட்டது. மடிப்புகளுக்குள் இருந்தது சிமெண்ட் போல் இறுகியிருந்தது. குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது.

"குடுங்க" என்றாள் ரஹீமா. தன் குட்டைப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். இரண்டு விரல் நீளக் கைப்பிடியில் பிடி கிடைக்கவில்லை. பிரஷ் உள்ளே போனால் விரல் முட்டி தகட்டில் இடித்தது. "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

நான் சட்டைப் பையிலிருந்து என் பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். முழு நீளக் கைப்பிடியோடு.

அவள் பிரஷ்ஷைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இத அறுத்துடறேன்னு சொன்னீங்களே?"

"எடுத்து வெச்சேன் கண்ணு. ரம்பத்தப் பாத்ததும் மனசு வரல. புது பிரஷ்ஷு."

உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு வெடித்து வந்தது. குழாயடியில் குத்தவைத்து, தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. உள்ளே இருந்து அந்தக் கிழவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அந்த நீளப் பிரஷ் மடிப்புகளுக்குள் அளவெடுத்தது போல் போய் வந்தது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றித் தேய்த்தோம். எதற்காகப் பூசினேன் என்று கேட்டாள். வாடகைப் பாத்திரச் சட்டத்தைச் சொன்னேன், பழனியப்பன் தேய்த்துத் தின்ற அண்டாவைச் சொன்னேன்.

"அப்ப உலகத்துலயே மொதல்ல அல்ட்ராலைட் பாத்திரம் செஞ்சது கிளியூர் பழனியப்பன்தானுங்க!" என்றாள்.

இருந்த கேஸைக் காலை டீக்கு மிச்சம் பிடித்தோம். சோற்றுச் சட்டியை விறகடுப்பின் இரும்பு மேல்தட்டில் வைத்தோம். அது ஆடி அசைந்து வேகும்வரை கிழவனும் கிழவியும் எங்களைச் சீட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அடி கொஞ்சம் குழைந்து, மேலே கொஞ்சம் நறுக்கென்று இருந்தது சோறு. பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து, அவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம். அடுத்த குடிலிலும் விறகடுப்புதான் கைகொடுத்தது. என் பிரஷ் மட்டும் திரும்பப் பல்லுக்கு உதவாமல் போய்விட்டது. விரல் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது. மிச்ச நாட்களுக்கு அது போதுமாக இருந்தது.

6

வீட்டுக்கு வந்ததும் மெஹரு கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, கடை விரிச்சீங்களா?" ரஹீமா முந்திக்கொண்டாள்: "வாடகைக் கடையே வெச்சுட்டாருங்கம்மா." இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் டுனீடின் போனாள். சட்டியைக் கேட்காமலேயே எடுத்துப் போய்விட்டாள். அறைக்கதவு இப்போது திறந்தே கிடக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் வகுப்பு, நண்பர்கள், குளிர் என்று இரண்டு வார்த்தை. நல்லா இருக்குதுங்க அத்தா. சரி, அவ்வளவுதான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று மாலை அவளாகவே கூப்பிட்டாள். ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு, தெற்கே ஒரு மலைப்பாதை, இரண்டு குடில். தோழிகள் யாராவது வரவில்லையா என்று கேட்டேன்.

"அவங்க வரேன்னுதான் சொன்னாங்க. எங்க அத்தாவக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேனுங்க."

குரலில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "சரி கண்ணு, பாத்திரம் என் பொறுப்பு" என்றேன்.

"வேண்டாமுங்க சாமி!" என்று அலறினாள். "பாத்திரம் நான் பாத்துக்கறேன். நீங்க அரிசி மட்டும் கொண்டாங்க."

மூன்று தலைமுறையாக வந்த பதவி அந்த ஒரு நொடியில் போய்விட்டது. போகட்டும் என்று போனை வைக்கப் போனேன்.

"அத்தா, வெச்சுராதீங்க" என்றாள். "புது பிரஷ்ஷு வாங்கிட்டீங்களா? அத அறுக்காமயே கொண்டாங்க."